டிவி ரிப்பேர் மட்டும்

அருப்புக்கோட்டை,
14-2-1988

மாப்ளே ஹாஜா,

நலம். நலம் விசாரிக்கும் மற்ற வரிகளை அடுத்த கடிதத்தில் சேர்த்து எழுதிவிடுகிறேன். உன் பெண்சாதி ஹலீமாவின் கடிதம் தம்மாம் வந்து சேருவதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்தாக வேண்டும். யார் யாரோ சொல்லிக் கேட்பதைவிட என் வாயாலேயே கேட்டுவிடு. போன செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில், உன் மாமியார் வீட்டு மொட்டைமாடியில், நான் நீலக் கோடு போட்ட டிராயரோடு நின்றுகொண்டிருந்தேன்.

உன் மச்சான் அனீஸ் டிவி வாங்கியிருக்கிறான். கொடைக்கானல் டவரிலிருந்து படம் வர ஆரம்பித்த பிறகு அந்தத் தெருவுக்கு வந்த முதல் டிவி. ஆன்டெனா கட்ட என்னைக் கூப்பிட்டார்கள். நாம் தொடங்கப் போகும் கடைக்கு இதுதான் கன்னி வேலை என்று ஜெபம் பண்ணிவிட்டுத்தான் போனேன். குழாயை நிறுத்தித் திசையும் பார்த்தாயிற்று. இழுத்துக் கட்டப் போனால் கயிறு ஒரு முழம் போதவில்லை. கையை விட்டால் குழாய் பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாயும். மாடியில் வேறு கயிறு கிடையாது. இடுப்பில் வேஷ்டி இருந்தது. அவிழ்த்து முறுக்கிக் கட்டினேன். வேலை என்ற அளவில் அதில் நீ ஒரு குறை கண்டுபிடிக்க முடியாது.

அதோடு வயரை மாட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். தண்ணீர்த் தொட்டியின் அடியில் தேனீக்கள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. இந்த வெயிலில், பச்சை என்றால் வேலிக்கருவை மட்டுமே தெரிகிற நம் ஊரில், இவை எங்கே தேன் எடுக்கின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மாப்ளே, வேலிக்கருவைப் பூவில்தான் எடுக்கின்றன. இது உனக்குத் தெரியுமா?

மாடிப்படியில் பேச்சுச் சத்தம் கேட்டது. உன் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வத்தல் பிழியக் கூழ்ப்பானையோடு ஏறி வருகிறார்கள். கையிலிருந்த வயரை ஒரே முறுக்காக முறுக்கிவிட்டு, கொடிக்கம்பியில் காய்ந்த படுக்கை விரிப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டேன். பெரிய பெரிய ரோஜாப்பூ போட்டது, நீ சவுதியிலிருந்து அனுப்பியது. நீ அனுப்பிய சாமான்களில் இந்த ஊருக்கு அதிகம் உதவியது அதுதான்.

உன் மாமியார் பெருந்தன்மைக்காரர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "துரையா? விரிப்ப நாளைக்குக் குடுத்துவிடுப்பா" என்றார். அந்தக் கோலத்திலேயே கீழே போய் டிவியைப் போட்டேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. தவளையின் குடலைப் பற்றி யாரோ இங்கிலீஷில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். வீடே வாயைத் திறந்தபடி உட்கார்ந்து தவளையைப் பார்த்தது. என்னை யாரும் பார்க்கவில்லை.

ஜெயக்கொடிக்கு விஷயம் பள்ளிக்கூடத்திலேயே எட்டிவிட்டது. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளிடம் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "டீச்சர், ஒங்க வீட்டு சார் ரோசாப்பூ சேல கட்டிக்கிட்டுப் போறாக" என்று சொல்லியிருக்கிறது. சாயங்காலம் அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "ஒரு தொழில மட்டும் நெனச்சிக்கிட்டு ஏறியிருந்தா வேட்டி இடுப்புலயே இருந்திருக்கும்."

கவலைப்படாதே. பந்தல்குடி ரோட்டில் உன் அத்தா விட்டுப்போன கடையைச் சுத்தம் செய்து, வெள்ளை அடித்து, மேஜை போட்டுவிட்டேன். நீ சொன்னபடி தனுஷ்கோடி பெயின்டர் போர்டுக்கு நீலம் அடித்து வைத்திருக்கிறார். எழுத்து ஒன்றுதான் பாக்கி. டிசம்பரில் உன் காண்ட்ராக்ட் முடிவதற்குள் கடை காலூன்றிவிட்டால் நீ ஊரோடு வந்துவிடலாம் என்பதை நான் மறக்கவில்லை. தேனீயைப் பார்க்கும்போதுகூட மறக்கவில்லை.

உன்,
துரை


தம்மாம்,
6-3-1988

துரை,

ஹலீமாவின் கடிதம் முந்திக்கொண்டது. அவள் எழுதியதில் டிராயர் பச்சை. நீ நீலம் என்கிறாய். இதில் யாரை நம்புவது என்று அறையில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள்.

சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு பயம் வந்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதிருந்தே உன்னைப் பார்க்கிறேன். ரேடியோவைத் திறப்பாய், அது பாடுவதற்குள் ஹார்மோனியத்துக்குப் போய்விடுவாய். போட்டோ பிடித்தாய், ஹோமியோபதி மாத்திரை கொடுத்தாய், கிரிக்கெட்டுக்கு அம்பயராக நின்றாய், ஜாதகம் பார்க்க வேறு கற்றுக்கொண்டு பாஸ்டரிடம் திட்டு வாங்கினாய். ஒன்றும் உனக்கு வராமல் போகவில்லை. ஒன்றிலும் நீ உட்காரவும் இல்லை. நாற்பத்தைந்து வயதில் உன்னை 'இவர் இன்னார்' என்று ஒருவரிடம் அறிமுகப்படுத்த வேண்டுமானால் நான் கால் மணி நேரம் பேச வேண்டியிருக்கிறது.

இங்கே வந்து பார். கம்பெனி குளிர்பதனக் கிடங்கு கட்டுகிறது. குழாய் போடுகிறவன் குழாய்தான் போடுவான். தலைக்கு மேலே வயர் அறுந்து தொங்கினால் குனிந்து போவானே தவிரத் தொட மாட்டான். ஒரு கொரியாக்காரன் இருக்கிறான். வெல்டு வைத்த இடத்தைத் தேய்த்து மழமழப்பாக்குவது மட்டும்தான் அவன் வேலை. அவனை விமானத்தில் கூட்டி வருகிறார்கள். உன்னைப் பந்தல்குடிக்காரர்கள் லாரியில் கூட்டிப் போகிறார்கள், ஹார்மோனியம் சரிபண்ண. உலகம் இப்போது இப்படித்தான் போகிறது மாப்ளே. ஒன்றைப் பிடி. டிவியைப் பிடி. போர்டில் 'டிவி ரிப்பேர் மட்டும்' என்று எழுது.

அக்டோபர் கடைசியில் கம்பெனி பேப்பரை நீட்டும். கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு வருஷம். போடாவிட்டால் டிசம்பரில் வீடு. அதற்குள் கடையில் வேலை வந்துவிட்டது என்று நீ எழுதினால்தான் நான் பேனாவை மூடி வைக்க முடியும்.

ஃபிர்தௌஸுக்கு ஆறு வயது முடியப் போகிறது. நான் பேசி அனுப்பும் கேசட்டைப் போட்டால் டேப் ரிக்கார்டரைப் பார்த்து சலாம் சொல்கிறாளாம். கேசட் ஓடி நின்ற பிறகு அதற்குத் துணி போட்டு மூடி, "சத்தம் போடாதீக, அத்தா தூங்கட்டும்" என்கிறாளாம். ஹலீமா இதை வேடிக்கையாகத்தான் எழுதியிருந்தாள்.

ஹாஜா


அருப்புக்கோட்டை,
17-4-1988

மாப்ளே,

உன் புத்திமதி கிடைத்தது. வேதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். அங்கே வைத்ததும் எடுத்துப் படிக்கவே பயமாயிருக்கிறது.

கடை திறந்தாயிற்று. உன் மாமியார் வீட்டுப் படம் ஊர் முழுக்கப் பேர் வாங்கித் தந்துவிட்டது. 'துரை கட்டினால் படம் கண்ணாடி' என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். ஒரே ஒரு சிக்கல். அந்த வீட்டில் வியாழக்கிழமைகளில் மட்டும் படம் ஆடுகிறது, ஆளுக்கு மூன்று தலை தெரிகிறது. தூத்துக்குடிப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றால் இருக்கலாம் என்று ஒரு கருத்து வைத்திருக்கிறேன். கொடைக்கானலில் வியாழக்கிழமை மேகம் அதிகமோ என்றும் விசாரித்து வருகிறேன். இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

டிவி உள்ள வீடுகளைவிட டிவி பார்க்கப் போகிற வீடுகள்தான் இங்கே அதிகம் என்பதை நீ கணக்கில் எடுக்க வேண்டும். கடையைத் திறந்து வைத்துக்கொண்டு டிவி வரும் வரை கையைக் கட்டி உட்கார என்னால் முடியுமா? நரிக்குடிப் பக்கத்திலிருந்து சங்கையா என்று ஒருவர் கால் ஒடிந்த ஆட்டைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி பூட்டியிருந்தது. பஸ்ஸுக்குத் திரும்பும் வழியில் கடை வாசலில் ஆன்டெனாக் கம்பிகளைப் பார்த்து நின்றுவிட்டார். "கம்பிய நிமுத்துறீக, காலை நிமுத்த மாட்டீகளா?" என்று கேட்டார். இதற்கு நீ என்ன பதில் சொல்லியிருப்பாய்? அலுமினியக் கம்பியில் இரண்டு துண்டு வெட்டிக் காலுக்கு வைத்துக் கட்டி அனுப்பினேன். இப்போது ஆடு நடக்கிறது. அது எப்போதும் கொடைக்கானல் பக்கமே திரும்பி நிற்கிறது என்று சங்கையா சொல்வது மட்டும் மிகை.

அப்புறம் சர்ச் ஹார்மோனியம் வந்தது. ஒரு தையல் மெஷின். ரிஜிஸ்தர் ஆபீஸ் குமாஸ்தாவின் விக்கல். மூக்குக்கண்ணாடிக் கால்கள், அவற்றை எண்ணவே வேண்டாம். எல்லாம் சின்ன வேலைதான். டிவிக்கு இடைஞ்சல் இல்லை.

போர்டு நலம். ஈஸ்டருக்குச் சிறு பிரயாணம் போய்வந்தது. லேசாக அடிபட்டிருக்கிறது, ஒட்டிக்கொள்ளலாம். நீ சொன்ன வாசகத்தை எழுதச் சொல்ல நாலைந்து முறை தனுஷ்கோடி வீட்டுக்குப் போனேன். போனால் வேறு பேச்சு வந்துவிடுகிறது. அவரும் அலுத்துப்போய், "அண்ணாச்சி, பிள்ளைக்குப் பேரு வைக்கக்கூட இத்தன யோசன பண்ண மாட்டாக" என்கிறார்.

உன்,
துரை


தம்மாம்,
8-5-1988

ஜெபதுரைக்கு,

போர்டு எங்கே பிரயாணம் போனது என்று அனீஸ் எழுதியிருக்கிறான். ஈஸ்டர் நாடகத்தில் செங்கடலாக நடித்ததாம். மோசே கோலைத் தூக்கியதும் பிளக்க வேண்டும் என்று நீயே ரம்பம் வைத்து இரண்டாக அறுத்தாயாம். கடல் நன்றாகப் பிளந்தது என்று ஊரே கைதட்டியதாம்.

உனக்குக் கடல். எனக்கு அது ஊருக்குத் திரும்பி வருகிற வழி.

போர்டில் நான் சொன்னதை எழுதும் வரை எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஹாஜா நஜ்முதீன்


அருப்புக்கோட்டை,
28-8-1988

ஹாஜா,

எழுதியாயிற்று.

அன்றைக்கே எழுதச் சொல்லிவிட்டேன். கடலை ஒட்டுப்போட்டு ஒன்றாக்கினேன். 'டிவி ரிப்பேர்' ஒரு கரையிலும் 'மட்டும்' மறுகரையிலும் இருக்கிறது. எழுதிய கையோடு உனக்குச் சொல்லியிருக்கலாம். முதலில் சொன்னபடி நடந்து காட்டிவிட்டு எழுதுவோம் என்று இருந்தேன். உன் முழுப்பெயரைக் கையெழுத்தாகப் பார்த்ததிலிருந்து எனக்கு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை.

மூன்று மாதமாக டிவி ரிப்பேர் மட்டும். ஹார்மோனியத்தைத் திருப்பி அனுப்பினேன். தையல் மெஷினை அந்தம்மா தலையில் தூக்கிவைத்து, "கோவமாண்ணே?" என்று கேட்டுவிட்டுப் போனது. சங்கையா கோழிக்குஞ்சு ஒன்றுக்குக் கழுத்து சாய்கிறது என்று கொண்டுவந்தார். நான் போர்டைக் காட்டினேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நானே வாசித்துச் சொல்லும்படி ஆகிவிட்டது. கேட்டுவிட்டு, "எதனால அப்படி ஆயிப்போச்சு?" என்று மெதுவாகக் கேட்டார். செத்த வீட்டில் துஷ்டி கேட்கிற குரல்.

ஊரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. துரைக்கு ஏதோ சுகமில்லை என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை வியாதியஸ்தருக்கான ஜெபத்தில் பாஸ்டர் என் பெயரையும் சேர்த்துக்கொண்டார். ஒரே தொழிலைப் பிடி என்று எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஜெயக்கொடி, ஒருநாள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை மேஜையில் கொண்டுவந்து வைத்து, "சும்மா தெறந்து பாருங்க, யாருட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள். நான் திறக்கவில்லை. உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

டிவி வரவில்லை ஹாஜா. மூன்று மாதத்தில் வந்ததை விரல்விட்டு எண்ணினால் ஒரு கை மிச்சம். அந்த 'மட்டும்' என்ற வார்த்தையைப் பார்த்து டிவி உள்ளவர்கள்கூடத் தயங்குகிறார்கள். பெரிய ஆளாகிவிட்டான், பேச முடியாது என்று மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காமல் கேள். ஒரு சாமானை ஒருவர் என் முன்னால் வைத்தால், அது என்ன சாமான் என்று எனக்குத் தோன்றுவதில்லை. இதன் உள்ளே என்ன நடக்கிறது என்றுதான் தோன்றுகிறது. ஹார்மோனியமும் ஆட்டுக்காலும் தேன்கூடும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகின்றன. உலகம் அதை ஏழெட்டுத் தொழிலாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டது. பங்கு பிரித்த அன்றைக்கு நான் வேறு எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

உன் கடையை நான் கெடுத்துவிட்டேன். முதலில் பல வேலை பார்த்துக் கெடுத்தேன். பிறகு ஒரே வேலை பார்த்தும் கெடுத்தேன். வேறு நல்ல ஆளாகப் பார்த்து வை. சாவியை ஹலீமாவிடம் கொடுத்துவிடவா? சொல்.

துரை


தம்மாம்,
18-9-1988

மாப்ளே,

சாவியைக் கொடுக்காதே. இந்தக் கடிதத்தை ஜெயக்கொடி தவிர யாரிடமும் காட்டாதே.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? ஏசி மெக்கானிக் என்பாய். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அனீஸ் கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பக்கத்தில் அச்சடித்தே விட்டார்கள். இல்லை மாப்ளே. குளிர்கிடங்கின் கதவுக்கு ஓரத்தில் ஒரு கறுப்பு ரப்பர் ஓடும். குளிர் வெளியே போகாமல் அடைப்பதற்கு. அந்த ரப்பரை வெட்டி, ஒட்டி, அழுத்தி உட்கார வைப்பதுதான் என் வேலை. வந்த நாளிலிருந்து அது ஒன்றுதான். என்னைப் போல அதைச் செய்ய இந்தக் கம்பெனியில் ஆள் இல்லை, அதைப் பெருமையாகவே சொல்வேன். ஆனால் கதவுக்கு உள்ளே குளிர் எப்படி வருகிறது என்று என்னைக் கேட்டால் தெரியாது. கேட்கவும் கூடாது. அது இன்னொருவன் வேலை.

போன மாதம் எங்கள் அறையில் மின்விசிறி நின்றுபோனது. மெக்கானிக் இருக்கிறாரே என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏணி போட்டு ஏறினேன். வயரை மூடியிருந்த கப்பைத் திறந்தேன். உள்ளே இருந்ததை ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது உன் நினைப்பு வந்தது. இந்த இடத்தில் துரை நின்றால் முகத்தில் ஒரு சிரிப்பு வருமே என்று நினைத்தேன். கப்பை மூடிவிட்டு, மோட்டார் எரிந்துவிட்டது என்று பொய் சொல்லி இறங்கினேன். மறுநாள் ஒரு மலையாளி ஏறி ஒரு வயரைச் சொருகினான். சுற்றுகிறது.

'டிவி மட்டும்' என்று உன்னை நெருக்கியது உன் நல்லதுக்காக என்று எழுதினேன். உண்மை அது இல்லை. ஒரே ஒரு வேலைதான் என்றால், வந்த பிறகு உன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த ஒன்றையாவது நான் கற்றுக்கொண்டுவிடலாம் என்று நினைத்தேன். நீ ஆடு, ஹார்மோனியம், தையல் மெஷின் என்று அடுக்க அடுக்க, கடிதத்தைப் பாதியிலேயே மடித்து வைத்துவிட்டேன். இவ்வளவும் தெரிந்தவன் கடையில் நான் என்ன செய்வேன்? திருச்சுழி, நரிக்குடி எல்லாம் சுற்றினாலும் இந்த மாதிரி கதவு ஒன்று இருக்குமா? நான் கையெழுத்துப் போடாமல் வந்து இறங்கினால் சென்ட் பாட்டிலும் கம்பளமும் தீருகிற வரைதான் மரியாதை. அதற்கப்புறம் ஃபிர்தௌஸ் தன் அத்தா என்ன வேலை பார்க்கிறார் என்று யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வாள்?

பேப்பர் முன்கூட்டியே வந்துவிட்டது. தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். கடையை நீ கெடுத்தாய் என்று எழுதாதே. போட்டுவிடலாமா என்று மட்டும் சொல்.

ஹாஜா


அருப்புக்கோட்டை,
5-10-1988

ஏலே ஹாஜா,

போடாதே.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கடையில் கால் நீட்டி உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருகிற வரை சிரித்தேன். அது முழுக்கச் சிரிப்பு இல்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் ஜெயக்கொடியிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. அடுப்படியில் வேலையாக இருந்தவள், புஸ்ஸென்று நாலு பக்கமும் ஆவி விட்டுக்கொண்டிருந்த குக்கரை இறக்கி என் முன்னால் வைத்தாள். "இந்த ரப்பர ஒக்கார வைக்கத் தெரிஞ்ச மனுசன் ஊருக்குள்ள ஒருத்தர் இல்ல. அவுகள முதல் பிளேன்ல வரச் சொல்லுங்க" என்றாள்.

மாப்ளே, இந்த ஊரில் குக்கர் இல்லாத வாத்தியார் வீடு கிடையாது, ஆவி போகாத குக்கரும் கிடையாது. மைதா மாவைக் குழைத்துப் பூசி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே குளிர் வெளியே போகக் கூடாது, இங்கே ஆவி வெளியே போகக் கூடாது. வேறு என்ன வித்தியாசம்? சோடாக் கம்பெனிகள் இருக்கின்றன. கிணற்று மோட்டார் வாஷர் இருக்கிறது. மீன்காரர்கள் ஐஸ் வைத்துக் கொண்டுவரும் பெட்டி இங்கே வந்து சேருவதற்குள் பாதி தண்ணீர். நானும் ஒருமுறை குக்கர் ரப்பர் போட்டுப் பார்த்தேன். எங்கள் வீட்டு அடுப்படி உத்தரத்தில் இருக்கும் பருப்புக் கறை என் வேலைதான். எனக்கு எல்லாவற்றையும் திறக்கத் தெரியும் ஹாஜா. கசியாமல் மூடத் தெரியாது. பாதிக் கடைதான் இத்தனை நாளாக நடந்திருக்கிறது.

நேற்று ஹலீமா ஃபிர்தௌஸைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். டேப் ரிக்கார்டர் சுற்றவில்லை. நான் போர்டைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேன். நாலு மாத விரதத்தை அந்த இடத்தில் முறித்தேன். மூடியைக் கழற்றுகிற வரை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்தேன். மோட்டாரும் பெல்டும் இரண்டு சக்கரமும் இருந்தன. நெடுநேரம் உள்ளே பார்த்தாள். பிறகு என்னிடம், யாருக்கும் கேட்காமல், "அத்தா இதுல இல்லையே" என்றாள்.

அறுந்த பெல்டை மாற்றிக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த வேலைகளை எழுதினால் ஒரு தாள் போதாது என்று நீதான் கேலி செய்வாய். அவ்வளவையும் மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன். அந்தப் பிள்ளை கேட்டதைச் சரிபண்ண அதில் ஒன்றும் இல்லை. அது உன் வேலை. உனக்கு மட்டும் தெரிந்த வேலை.

தனுஷ்கோடியைக் கூப்பிட்டுப் போர்டைத் திருத்தச் சொன்னேன். பல தொழிலையும் எழுத இடம் போதாது என்று முதலிலேயே கையை விரித்தார். ஒன்றும் எழுத வேண்டாம், 'மட்டும்' என்பதை அழித்தால் போதும் என்றேன். அழித்து நீலம் பூசினார். சாயங்காலமே சர்ச் ஹார்மோனியம் திரும்பி வந்துவிட்டது. அந்த வெறும் இடத்தில் அவரவருக்கு வேண்டியதை அவரவரே வாசித்துக்கொள்கிறார்கள்.

பேனாவை மூடு. வா.

உன்,
துரை


அருப்புக்கோட்டை,
19-3-1989

துரை மாப்ளேக்கு, மார்த்தாண்டம்,

நான் ஊருக்கு வந்த பிறகு நமக்குள் கடிதம் இருக்காது என்று நினைத்தேன். தேனீ வளர்ப்புப் பயிற்சி என்று நீ கிளம்பிப் போய்விட்டாய். ஊரில் ஒருவன் நிற்க வேண்டுமென்றால் இன்னொருவன் வெளியே போக வேண்டும் என்று நமக்கு எழுதியிருக்கிறது போலும். முகம் வீங்கியிருக்கிறது என்று நீ எழுதியதை ஜெயக்கொடியிடம் வாசித்துக் காட்டினேன். "தேனீ நல்லாருக்கா?" என்று கேட்டது தங்கச்சி.

கடை நன்றாக நடக்கிறது என்று எழுதினால் நீ நிம்மதியாக அங்கேயே இன்னொன்று கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிடுவாய். நடக்கவில்லை என்று எழுதினால் நாளைக்கே பஸ் ஏறுவாய். ஆகவே நடுத்தரமாக நடக்கிறது. குக்கர்கள் வரிசையில் இருக்கின்றன. பந்தல்குடி வரை சோடாக் கம்பெனி எல்லாம் நம் ரப்பர்தான். டிவி வந்தால், துரை வரட்டும் என்று ஓரமாக வைக்கிறேன். சங்கையா கோழியோடு வந்தார். உன் முறைப்படி கழுத்தைத் தடவிக் கொடுத்து அனுப்பினேன். பிழைத்துக்கொண்டது. எப்படி என்று தெரியாது. முதல்முறையாக, தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

ஃபிர்தௌஸ் முதல் மாதம் என்னை மாமா என்றுதான் கூப்பிட்டாள். நான் பேசினால் பதில் சொல்லாமல், போய் டேப் ரிக்கார்டர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். இப்போது அதற்குத் துணி போட்டு மூடுவதை நிறுத்திவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் கண்ணயர்ந்தால் எனக்குப் போடுகிறாள். தலையோடு சேர்த்து மூடிவிடுகிறாள், மூச்சு முட்டுகிறது. எடுக்காமல் படுத்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. வியாழக்கிழமை மாமி வீட்டில் வழக்கம்போலப் படம் ஆடியது. நீ ஊரில் இல்லாததால் என்னை ஏறிப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு ஆன்டெனா தெரியாது. எங்கே என்ன ஒட்டவில்லை என்று பார்க்க மட்டும்தான் தெரியும். ஏறினேன். மறுநாள் ஜும்மாவுக்காகத் துவைத்த வேஷ்டியும் சட்டையும் ஈரமாகக் கொடி முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தன. விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். உன் பழைய வேஷ்டி இன்னும் குழாயைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. ஆன்டெனா கொடைக்கானலைத்தான் பார்க்கிறது. உப்புக்காற்று, மேகம் ஒன்றும் காரணமில்லை.

அந்த ஆன்டெனாவிலிருந்து வயர் எதுவும் இறங்கவில்லை மாப்ளே. டிவிக்குப் போகிற வயர் துணி காயப்போடும் கொடிக்கம்பியில் முறுக்கியிருக்கிறது.

ஹாஜா